எங்கள் வீட்டுப் பிள்ளையை வெளிநாட்டுக் கருத்து என்று சொல்லாதீர்கள்

சிங்கப்பூர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வேலையிட நியாயச் சட்டத்தின் முதல் பகுதியை 2025 ஜனவரியில் நிறைவேற்றினீர்கள். பூசல்களைத் தீர்க்கும் முறை பற்றிய இரண்டாம் பகுதி அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறியது. 2027 இறுதியில் சட்டம் நடப்புக்கு வரும் என்கிறார்கள். நான் ஒரு தளவாட நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊழியர் கையேட்டில் இந்தச் சட்டத்துக்கான பக்கத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அதை எழுத உட்கார்ந்ததன் விளைவுதான் இந்த மடல்.

பட்டியலை நீங்கள் அறிவீர்கள். வயது, குடியுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழி, உடற்குறை, மனநலம். இவற்றைக் காரணம் காட்டி ஒருவரை வேலைக்கு எடுக்காமல் விடவோ, பதவி உயர்வை மறுக்கவோ, வேலையிலிருந்து அனுப்பவோ கூடாது. நல்ல சட்டம்; தேவைப்பட்ட சட்டம். கர்ப்பம் என்று தெரிந்த மாதமே வேலை போனதை, அடுத்த வேலை தேடி என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்த பெண்களின் வாயாலேயே கேட்டவள் நான். ஆனால் ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தன்பாலீர்ப்பும் இல்லை, பாலின அடையாளமும் இல்லை. மறந்துபோய் விட்டுவிட்டீர்கள் என்று சொல்ல முடியாது. மன்றத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. தெரிந்துதான் விட்டீர்கள்.

தமிழில் நடந்த ஒரு கலந்துரையாடலில் எழுந்து இதைக் கேட்டேன். மேடையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். “அம்மா, இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வருகிற கருத்து. அவர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக நம் சட்டத்தை நாம் மாற்ற முடியாது.” பலர் கைதட்டினார்கள். ஒலிவாங்கி அடுத்தவரிடம் போய்விட்டது.

ஒரு நாட்டின் சட்டத்தில் வெளிநாட்டுக் கருத்துக்கு இடம் உண்டா என்பது நியாயமான கேள்வி. நேராகவே பேசலாம், இந்த மடலில் பேசவும் போகிறேன். ஆனால் அன்று நான் கேட்டது என் தம்பியைப் பற்றி. எனக்குக் கிடைத்த பதில் அமெரிக்காவைப் பற்றி.

என் தம்பி ஈசூனில் வளர்ந்தவன். தாய்மொழிப் பாடத்தில் தமிழ் படித்தவன். தேக்கோங் தீவில் பயிற்சி எடுத்து, தேசிய சேவையை முடித்து, அழைப்பு வந்தபோதெல்லாம் பச்சைச் சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டு முகாமுக்குப் போனவன். அப்பாவுக்கு சிறுநீரகம் பழுதானதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது அவன்தான், நான் இல்லை. அவன் தன்பாலீர்ப்பாளன். பதின்ம வயதிலிருந்தே அவனுக்கு அது தெரியும். எந்த வெளிநாட்டவரும் வந்து அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தான். வேலையில் ஒரு குறையும் இல்லை. எழுத்தில் கொடுத்த மதிப்பீட்டை நானே படித்திருக்கிறேன். ஒருநாள் மேசைமேல் இருந்த கைப்பேசித் திரையில், அவனும் அவனுடைய துணையும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தை மேலாளர் பார்த்துவிட்டார். யார் என்று கேட்டார். இவன் பொய் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வகுப்புகள் குறைந்தன. ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. “வாடிக்கையாளர்கள் சங்கடப்படுவார்கள், உனக்கே புரியும்” என்று மேலாளர் நேரில் சொன்னார். எழுத்தில் ஒன்றுமில்லை.

முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் எல்லாவிதப் பாகுபாட்டுக்கும் பொருந்தும், நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பான டாஃபெப்பை அணுகலாம் என்று சொல்வீர்கள். உண்மைதான், அந்த வழி இருக்கிறது. ஆனால் நெறிமுறை வேறு, சட்டம் வேறு. இந்த வேறுபாட்டை வேலைக்கு ஆள் எடுக்கும் என்னைப் போன்றவர்கள் நன்றாகவே அறிவோம். சட்டத்தில் இருப்பதற்குத்தான் நிறுவனம் பயப்படும். சட்டத்தில் இல்லாததைக் கூட்டத்தில் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு மூடிவைத்துவிடுவார்கள்.

பட்டியலில் உள்ளவையே பாகுபாட்டுப் புகார்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் வருகின்றன என்ற கணக்கையும் அரசு சொன்னது. மீதி மிகக் குறைவு என்பது அதன் பொருள். புகார் ஏன் குறைவு என்பதையும் கேட்டிருக்க வேண்டும். என் தம்பி புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் படிவத்தில் காரணம் எழுத வேண்டும், பிறகு விசாரணை, பிறகு வீட்டுக்கு ஒரு கடிதம். அப்பாவுக்கு அப்போது எதுவும் தெரியாது. வயதைச் சொல்லிப் புகார் கொடுப்பவர் இழப்பதற்கு ஒன்றுமில்லை, அவர் வயது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே புகார் கொடுப்பதே தன்னைக் காட்டிக்கொடுப்பதாக ஆகிவிடுகிறது. புகாரே எழாத இடத்தில் புகாரின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்கலாமா?

இதில் இன்னொன்றும் உண்டு. குடியுரிமை பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூரர் என்பதற்காக ஒரு முதலாளி என் தம்பியைத் தள்ளிவைத்தால் சட்டம் அவன் பக்கம் நிற்கும். அதே முதலாளி அவன் தன்பாலீர்ப்பாளன் என்பதற்காகத் தள்ளிவைத்தால் நிற்காது. இரண்டு நாளும் வேலை இழப்பவன் ஒரே சிங்கப்பூரர்தான்.

சரி, வெளிநாட்டுக் கருத்துக்கு வருகிறேன்.

ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஏ பிரிவு இங்கே எப்படி வந்தது? 1885இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஹென்றி லபுஷேர் என்ற உறுப்பினர் ஒரு சட்டத்தில் சேர்த்துவிட்ட திருத்தம் அது. இரண்டு ஆண்கள் தனிமையில் நெருங்கியிருந்தாலும் இரண்டாண்டுவரை சிறை. 1938இல், சிங்கப்பூரும் அடங்கியிருந்த நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றம் அதை இங்கே கொண்டுவந்தது. அதே 1938இல்தான் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் பெரிய உலர்துறையைத் திறந்தார்கள். எங்கள் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து அந்தத் தளத்தில்தான் கூலி வேலை பார்த்தார். அந்தச் சட்டம் வேண்டுமா என்று தாத்தாவை யாரும் கேட்கவில்லை. அவருக்கு வாக்கு கிடையாது. இங்கே இருந்த தமிழரையோ சீனரையோ மலாய்க்காரரையோ ஓட்டுப் போடச் சொல்லிக் கேட்டு வந்த சட்டம் அல்ல அது.

இங்கிலாந்தும் வேல்ஸும் 1967இல் அந்தச் சட்டத்தைப் பெருமளவு தளர்த்தின. ஹாங்காங்கும் 1991இல் தளர்த்தியது. 1971இல் பிரிட்டிஷ் படை செம்பவாங்கைக் காலி செய்துவிட்டுப் போனது. அவர்கள் விட்டுச்சென்ற பிரிவு மட்டும் இங்கேயே இருந்தது. 2007இல் குற்றவியல் சட்டத்தை நீங்கள் திருத்தியபோது பழைய 377ஐ எடுத்தீர்கள், 377ஏவை வைத்துக்கொண்டீர்கள். தீவிரமாக நடைமுறைப்படுத்த மாட்டோம் என்ற வாக்குறுதியோடு வைத்துக்கொண்டீர்கள். என் தம்பி தேசிய சேவையில் இருந்த காலமும் அதுதான். நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவனைக் குற்றவாளி என்று சொல்லும் ஒரு வரி அந்த நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. எழுதியவர்கள் லண்டன்காரர்கள்.

ஆகவே, நம் சட்டத்தில் வெளிநாட்டுக் கருத்து நுழையக்கூடாது என்ற விதி எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்கிறேன். தண்டிக்கும் சட்டம் வெளியிலிருந்து வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தபோது அது நம் பண்பாடு. தண்டிக்க வேண்டாம் என்று சொன்னால் அது இறக்குமதி. இந்த அளவுகோலை நான் ஏற்க முடியாது.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரிலும் பேசினார். அவரும் கடல் தாண்டி வந்தவர்தான். சாதி ஒழிய வேண்டும், பெண்ணும் ஆணும் சமம், சடங்கில்லாத் திருமணம் செல்லும் என்றெல்லாம் அவர் சொன்னது இங்குள்ள பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் இங்கே பிறந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். இவை ஈரோட்டுக்காரரின் உத்தரவால் நடந்தவை அல்ல. அவர் சொன்னதைக் கேட்டு, இந்த மண்ணுக்கு எது பொருந்தும் என்று இங்குள்ளவர்கள் எடைபோட்டு எடுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வரும் கருத்தோடு ஒரு சமூகம் வைத்துக்கொள்ள வேண்டிய உறவு அதுதான் என்று நினைக்கிறேன்.

அரசும் மற்ற எல்லாத் துறைகளிலும் இதைத்தான் செய்கிறது. 1961இல் மாதர் சாசனம் வந்து, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்று ஆனது. அன்று பல வீடுகளில் இரண்டு மனைவி வைத்துக்கொள்வதும் ‘நம் வழக்கம்’தான். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐநா உடன்படிக்கையில் 1995இல் சேர்ந்தோம். உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான உடன்படிக்கையை 2013இல் ஏற்புறுதி செய்தோம். அப்போதெல்லாம் ஜெனீவாவில் இருப்பவர்களுக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு யாரும் கதவைச் சாத்தவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. அந்தப் பட்டியலை நம் மருத்துவமனைகளும்தான் பயன்படுத்துகின்றன.

நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூரின் சட்டத்தைச் சிங்கப்பூரர்தான் எழுத வேண்டும். 2021 மே மாதம் அமெரிக்கத் தூதரகம், எல்ஜிபிடி, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரின் சமத்துவத்தால் வரும் பொருளியல் பயன் பற்றி ஓர் இணையக் கருத்தரங்கை நடத்தியபோது, எங்கள் உள்விவகாரத்தில் தலையிட வேண்டாம் என்று வெளியுறவு அமைச்சு நினைவூட்டியது. ஒரு தூதரகம் இன்னொரு நாட்டின் சமூகக் கொள்கையில் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கவலை எனக்குப் புரிகிறது. வல்லரசின் பணமும் குரலும் சின்ன நாட்டை எப்படி அழுத்தும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தூதர்கள் பேசப்பேச, இங்கே என் தம்பியைப் போன்றவர்கள் மீது ‘வெள்ளைக்காரன் ஆள்’ என்ற முத்திரை இன்னும் ஆழமாக விழுகிறது என்பதும் என் அனுபவம். ஆனால் அந்தக் கருத்தரங்கைச் சேர்ந்து நடத்தியது ஊகாசாகா. 1999இல் இங்கே தொடங்கிய, மனநல ஆலோசனை வழங்கும் உள்ளூர் அமைப்பு. தூதரகத்தைக் கண்டித்த செய்தி எல்லார் கண்ணிலும் பட்டது. உள்ளூர் அமைப்பு அங்கே என்ன சொல்ல வந்தது என்பது யார் காதிலும் விழவில்லை.

பிங்க் டாட் விஷயத்திலும் இதுதான் நடந்தது. தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவாக 2009இலிருந்து ஹோங் லிம் பூங்காவில் நடக்கும் கூட்டம் அது. கூகல், ஃபேஸ்புக், பார்க்லேஸ் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் நிதி கொடுத்தன. 2016இல் உள்துறை அமைச்சு, வெளிநாட்டு நிறுவனங்கள் இதில் நிதி மூலம் தலையிடக் கூடாது என்று சொல்லி விதியை மாற்றியது. மறு ஆண்டே நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிறுவனங்கள் முன்வந்து அந்த இடத்தை நிரப்பின. வெளியார் போனால் ஆதரவும் போய்விடும் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பதில். அந்தப் பதில் இங்கே பிறந்தது. அதைக் கேட்டீர்களா?

2017இலிருந்து குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே உள்ளே போகலாம். 2018இல் தம்பியோடு நானும் போனேன். அவன் துணை ஈப்போக்காரர். தமிழர். இங்கே வேலை அனுமதியில் இருக்கிறார். அம்மா அவரை ‘ஈப்போத் தம்பி’ என்று கூப்பிடுவார். தீபாவளிக்கு ஊரிலிருந்து அவர் தாயார் சுட்டுக் கொடுத்த முறுக்கு டின்னோடு வருவார். தடுப்பு வேலி போட்டிருந்தார்கள். வாயிலில் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்கள். நான் காட்டினேன், தம்பி காட்டினான். ஈப்போத் தம்பி வாயில்வரை வந்து, தோள் பையை என்னிடம் கொடுத்து, “குடை இருக்குக்கா, மழை வந்தா எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் ஹோங் லிம் உணவங்காடி நிலையத்துக்குப் போய்விட்டார். இருட்டும்வரை அங்கேயே ஒரு கோப்பியோடு உட்கார்ந்திருந்தார். அட்டையைப் பார்த்த காவலர் நல்ல பையன். அவர் மீது எனக்கு வருத்தமில்லை, அவர் விதியைச் செய்தார். ஆனால் அந்த விதி தடுத்தது எந்தப் பன்னாட்டு நிறுவனத்தை? எந்த வல்லரசை? அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கிவரும் ஒருவரைத்தான் அது வேலிக்கு வெளியே நிறுத்தியது. அவர் தன் ஊருக்குத் திரும்பிப்போனாலும் நிம்மதி இல்லை. மலேசியக் குற்றவியல் சட்டத்தில் இன்னமும் இருபது ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் இருக்கின்றன. அதுவும் காலனிக் காலத்துப் பிரிவுதான்.

மறுபக்கத்தைப் பாருங்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா இருக்கிறார். ‘இது மேல்நாட்டு நோய்’ என்று எழுதுபவர் அவர்தான். அதற்கு ஆதாரமாக அவர் அனுப்புகிற காணொளிகள் அமெரிக்கப் போதகர்கள் பேசியவை, தமிழில் குரல் கொடுத்தவை. பிரார்த்தனையால் மாறிவிட்டேன் என்று யாரோ அழுவார்கள். இன்னொன்று இந்தியாவிலிருந்து வந்த ஒரு ‘வைத்தியர்’, மூன்று மாதத்தில் குணப்படுத்துவதாகச் சொல்பவர். அம்மா அந்த வைத்தியரின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். நான் பார்த்து எடுத்தேன். இந்தக் கருத்துகள் எந்த வேலியிலும் அடையாள அட்டை காட்டுவதில்லை. நேரே சமையலறைவரை வந்துவிடுகின்றன. வெளிநாட்டுச் செல்வாக்கு ஆபத்து என்று அக்கறையோடு சொல்கிறீர்கள் என்றால், என் அம்மாவை ஏமாற்றவிருந்த இந்தச் செல்வாக்கையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

அதே இந்தியாவிலிருந்து வேறு குரலும் வந்தது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 377இன் பிடியிலிருந்து தன்பாலீர்ப்பாளர்களை விடுவித்தது. நம்முடையதும் அவர்களுடையதும் ஒரே காலனிக் குடும்பத்துப் பிரிவுகள். அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு, இங்கேயும் வழக்குப் போட்டுப் பாருங்கள் என்று நம் மூத்த தூதர் டாமி கோ எழுதினார். பல்லாயிரம் பேர் 377ஏவை நீக்கச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள், அதைவிட அதிகமானோர் நீக்க வேண்டாம் என்று கையெழுத்திட்டார்கள். மூன்று வழக்குகள் போடப்பட்டன. 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 377ஏவை நடைமுறைப்படுத்த முடியாது என்றது. ஆகஸ்ட்டில் தேசிய தினக் கூட்ட உரையில் பிரதமர் லீ சியன் லூங் நீக்கப்போவதாக அறிவித்தார். நவம்பர் 29ஆம் தேதி நீங்கள் நீக்கினீர்கள். மசோதாவை முன்வைத்தவர் அமைச்சர் கா. சண்முகம். வெளிநாட்டு நீதிபதிகளின் சொல் நம்மைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் நம்மை யோசிக்க வைத்தது, அதில் நமக்கு ஒரு குறைவும் வரவில்லை. 2019இல் புருணை கல்லெறிந்து கொல்லும் தண்டனையை நடப்புக்குக் கொண்டுவந்தபோது உலகம் முழுவதும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகுதான், மரண தண்டனை நிறைவேற்றப்படாது என்று சுல்தான் மே மாதம் சொன்னார். வெளியார் வாய் திறக்கவே கூடாது என்பவர்கள் அந்த மனிதர்களிடம் என்ன சொல்வார்கள்?

மேல்நாடு என்ற பேச்சே இப்போது பழசாகிவிட்டது. தைவான் 2019இல் ஒரே பாலினத் திருமணத்தை ஏற்றது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23இலிருந்து அது சட்டம். பேங்காக் மேல்நாடு அல்ல.

பெரும்பான்மை இன்னும் தயாராகவில்லை என்ற வாதமும் எனக்குத் தெரியும். அதை ஒரு தமிழராகக் கேட்கும்போது மனசு ஏற்கவில்லை. இந்த நாட்டில் இந்தியர் ஏறக்குறைய 9 விழுக்காடு. தமிழ் பேசுபவர் அதைவிடக் குறைவு. தலையை எண்ணித்தான் எல்லாவற்றையும் முடிவு செய்வது என்று 1965இல் இருந்தவர்கள் நினைத்திருந்தால், தமிழ் இன்று அதிகாரத்துவ மொழியாக இருந்திருக்காது. நாடாளுமன்றத்தில் தமிழில் பேச உங்களுக்கு உரிமை இருக்காது. சிறுபான்மையைப் பெரும்பான்மையின் மனநிலைக்கு விட்டுவிடக் கூடாது என்பது இந்த நாட்டின் அடித்தளக் கொள்கை. அதில் வாழ்ந்து பலன் பெற்ற நாம், இன்னொரு சிறுபான்மைக்கு மட்டும் காத்திருங்கள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

377ஏவை நீக்கிய அதே நாளில் அரசமைப்பில் 156ஆவது பிரிவையும் சேர்த்தீர்கள். திருமணத்துக்கான விளக்கத்தை நாடாளுமன்றம்தான் முடிவு செய்யும், அதை ஒட்டிய சட்டங்களை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு 35 வயதுவரை ஒற்றையாளாக என் தம்பி காத்திருக்க வேண்டியிருந்ததும் அந்த விளக்கத்திலிருந்து வருவதுதான். அதை இந்த மடலில் நீட்டப்போவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. நீதிமன்றத்துக்குப் போகும் வழியை அடைத்தீர்கள், அரசியல் கேள்வியை அரசியல்வாதிகளே தீர்க்க வேண்டும் என்றீர்கள். வெளிநாட்டவர் பேசக்கூடாது என்றீர்கள், சிங்கப்பூரர்தான் பேச வேண்டும் என்றீர்கள். சரி, இரண்டையும் ஏற்கிறேன். அப்படியானால் எங்களுக்கு மீதியிருப்பது நீங்கள் மட்டும்தான். ஒரு சிங்கப்பூரர் எழுந்து நின்று தன் வீட்டைப் பற்றிப் பேசும்போது, அதையும் வெளிநாட்டுக் கருத்து என்று தள்ளினால், நாங்கள் போய்ப் பேசுவதற்கு இந்த நாட்டில் எந்த இடம் இருக்கிறது?

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

சட்டம் நடப்புக்கு வருவதற்குள் அந்தப் பட்டியலில் தன்பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவாருங்கள். இதற்குத் திருமணச் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. யாருடைய சமயக் கோட்பாட்டையும் மாற்ற வேண்டியதில்லை. வேலைக்கு வந்தவனை வேலையை வைத்து எடைபோடு என்று முதலாளியிடம் சொன்னால் போதும். சேர்க்க முடியாது என்று முடிவெடுத்தால், அதற்கான காரணத்தை மன்றத்தில், பதிவில் வரும்படி, முழுமையாகச் சொல்லுங்கள். ‘சமூகம் தயாராக இல்லை’ என்ற மூன்று சொல் போதாது. புகார் கொடுக்க முடியாதவர்களின் நிலையை எப்படி அளந்தீர்கள் என்பதும் அதில் வர வேண்டும்.

தன்பாலீர்ப்பை மருந்தாலோ மிரட்டலாலோ பிரார்த்தனையாலோ ‘மாற்றித் தருவதாக’ச் சொல்லிப் பணம் வாங்குவதைத் தடை செய்யுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் இத்தகைய மருத்துவ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அதற்கு முன், தனக்கு இது புதிது என்று சொல்லி ஓர் உளவியல் நிபுணரிடம் அமர்ந்து தானே கற்றுக்கொண்டார். அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது. அவர் கற்றுக்கொண்ட விதத்தை நீங்களும் பின்பற்றலாம்.

ஹோங் லிம் பூங்கா விதியைத் திருத்துங்கள். நிறுவனங்களின் நிதிக்குத் தடை இருக்கட்டும், மேடையில் குடிமக்களே பேசட்டும். ஆனால் ஒரு குடிமகனோடு ஒரே வீட்டில் வாழ்பவர், அவர் எந்தக் கடப்பிதழ் வைத்திருந்தாலும், அவருக்குப் பக்கத்தில் புல்தரையில் உட்கார அனுமதியுங்கள்.

தமிழ்க் குடும்பங்களைத் தமிழிலேயே சந்தியுங்கள். இது தமிழ் பேசும் உறுப்பினர்களுக்குத் தனியாகச் சொல்வது. என் அம்மாவைப் போன்றவர்களுக்கு ஆங்கிலத்தில் நடக்கும் ஆலோசனைக் கூட்டங்கள் பயன்படாது. அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் போதகரும் வைத்தியரும்தான். பிள்ளை சொன்ன அன்று ராத்திரி யாரிடம் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு, தமிழில் பேசக்கூடிய பயிற்சி பெற்ற ஆலோசகரின் எண் வேண்டும். சமூக மன்றத்திலும் பலதுறை மருந்தகத்திலும் அந்த எண் ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தை நீங்கள் ஏற்பாடு செய்தால் நானும் அம்மாவும் வருகிறோம். அம்மா பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

என் கையேட்டுப் பக்கம் இன்னும் முடியவில்லை. பதினோரு அம்சங்களுக்குப் பிறகு ஒரு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அதை எழுதும் அதிகாரம் எனக்கில்லை, உங்களுக்குத்தான் இருக்கிறது. இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். என் தொகுதி உறுப்பினருக்கு இதன் பிரதியை, மக்களைச் சந்திக்கும் அடுத்த நிகழ்ச்சியில் நேரிலேயே கொடுக்கிறேன்.

ஈசூன் வாக்காளர் ஒருவர்